அதில் கோதுமை இருக்கிறதா?

காலையில் ரொட்டியை நான் பால்கனியில் நின்றுதான் தின்கிறேன். குளிர்காலமானால் கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பேன். எதிர்வீட்டு ஜெர்மன்காரர் அவருடைய பால்கனியில் சிகரெட் பிடிப்பார். "உங்கள் வீட்டிலும் மனைவி உள்ளே விடுவதில்லையா?" என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன். "புகை பொல்லாதது" என்று ஆறுதல் சொன்னார். என் கையில் இருந்தது ரொட்டி என்று அவருக்கு விளக்க அலுப்பாக இருந்தது. நம் ஊரில் இருக்கிற நீங்களும் சிரிப்பீர்கள். தெருவுக்கு இரண்டு ரொட்டிக்கடை இருக்கிற இந்த நாட்டில் பிறந்தவள் என் மனைவி உர்சுலா. அவளுக்குக் கோதுமைதான் விஷம். ட்ஸொலியாக்கி என்று இங்கே அதற்குப் பெயர். ஒரு சிட்டிகை மாவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. டாக்டர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் எங்களுக்கு இரண்டு கரு கலைந்துவிட்டது.

மூன்றாவது கரு நான்காம் மாதத்தைத் தொட்டபோது ஊருக்கு வந்தோம். எண்பதுகளின் தொடக்கம், மழை ஏமாற்றிய வருஷம். "உங்கள் ஊரில் ரொட்டியே கிடையாது என்றாயே, அங்கே நான் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று அவள்தான் ஆசைப்பட்டாள். கடத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி. உர்சுலாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அவளுக்கு வாயும் காதும் நான்தான்.

முதல்நாள் காலையில் தட்டில் உப்புமா வந்தது. "அண்ணி, கோதுமை ஆகாதுன்னு கடுதாசியிலேயே எழுதினேனே" என்று பதறினேன்.

"அய்யோ, கோதுமெ எங்கீங்க தம்பி போட்டன்? இது ரவைங்க."

மத்தியானம் சேமியா பாயசம். சாயங்காலம் அண்ணன் சைக்கிளை மிதித்துப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தார். "இது மைதா, பாரு, எவ்வளவு வெள்ளையா இருக்குது" என்று பிய்த்துக் காட்டினார். கோதுமை என்றால் எங்கள் வீட்டில் ரேஷன் கடையில் போடுகிற அந்தச் சிவந்த தானியம் மட்டும்தான். எல்லாம் ஒன்றுதான் என்று தொண்டை வறளச் சொன்னேன். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இதெல்லாம் ஆவாதுன்னா அந்தப் புள்ள அந்த ஊருல என்னத்தடா தின்னு வளந்துச்சு?"

கடைசியில் சோறும் ரசமும் என்று முடிவானது. அப்பாடா என்றிருந்தேன். மூன்றாம் நாள் அவளுக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன. ரசத்தில் போடுகிற கட்டிப் பெருங்காயத்திலும் மைதா மாவு சேர்க்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் எல்லோரும், வெள்ளைக்காரிக்குச் சோறுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்மானித்துச் சோற்றையும் நிறுத்திவிட்டார்கள். தர்மபுரியில் ஒரு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, "லைட்டா ஏதாவது குடுங்க" என்றார். லைட் என்றால் எங்கள் பக்கம் வேறென்ன? பன்னும் பாலும்தான். காய்ச்சல் வந்தால் மட்டும் கண்ணில் காட்டுகிற பண்டம் அது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பன்னோடு அவளைப் பார்க்க வந்தார்கள். அவள் மெலிய மெலிய ஜன்னல் விளிம்பில் பன் ஏறிக்கொண்டே போனது. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. அவர்களுக்கு முகம் சுண்டியது. நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், அரை மயக்கத்தில் கிடந்தவளுக்கு அம்மா பன்னைப் பாலில் கரைத்துக் கரண்டியால் புகட்டிவிட்டாள். பாசத்தோடுதான் புகட்டினாள். அதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

மறுநாள் காலையில் அவள் உடுப்பில் ரத்தம் பட்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஏதாவது சாப்பிடக் கொடு. இந்தக் குழந்தையும் போய்விடும்" என்றாள். பேச்சில் குரலே இல்லை, வெறும் காற்று. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுததைப் பார்த்து இரக்கப்பட்டுவிடாதீர்கள். நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

இத்தனை நாளும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தினமும் மத்தியானம் களி வேகும். கேழ்வரகுக் களி. அம்மாவும் அண்ணனும் அண்ணியும் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் தின்றார்கள். விருந்தாளிக்கு முன்னால் களித் தட்டை எடுக்க எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்? வந்த முதல்நாளே உர்சுலா கதவிடுக்கில் அந்தக் கறுத்த உருண்டையைப் பார்த்துவிட்டாள். "அது என்ன? அதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பொட்டலம் கொண்டுவருகிற பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'களி'. மத்தியானத்தில் வேலிப்பக்கம் திரும்பி உட்கார்ந்து விழுங்கிவிட்டு, கையை மோந்து மோந்து கழுவுவேன். ஜெர்மனியில் அவளிடம் எங்கள் குடும்பம் பெரிய நெல் விவசாயக் குடும்பம் என்று அளந்துவைத்திருந்தேன். பேச்சை அத்தோடு முடிக்கத்தான் அந்தப் பொய். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்களே, நான் அந்த வெண்ணெயையே விஷம் என்று சொன்னவன். ரத்தத்தைப் பார்த்த பிறகும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பொய் வெளிப்படுமே என்று பார்த்தேன். என் நாக்கு அழுகிப்போக.

அண்ணிதான் வந்து நின்றார். "தம்பி, கேக்குறன்னு கோவிச்சுக்காதீங்க. களியில அந்த மாவு ஒண்ணும் இல்லீங்களே. இத ஏன் இவங்களுக்குக் குடுக்கக் கூடாது?"

அம்மா பாய்ந்தாள். "வெள்ளக்காரப் புள்ளைக்குக் களியப் போட்டம்னு ஊரு காறித் துப்பாதா?"

"துப்புனா துப்பட்டும் அத்தை. புள்ள நெலைக்கட்டும்."

தட்டு வந்தது. ஆவி பறக்கும் களி, பக்கத்தில் கடைந்த கீரை. உர்சுலா தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வைட்ஸன்?" என்றாள். கோதுமையா என்று அர்த்தம். இல்லை என்று தலையாட்டினேன். முதல்நாள் நான் சொன்னது அவளுக்கு நினைவில் இருந்தது என்பதை அவள் கண்ணிலேயே பார்த்தேன். அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். அண்ணி கிள்ளி, கீரையில் புரட்டி, மெல்லாமல் விழுங்கிக் காட்டினார். அவளும் அப்படியே விழுங்கினாள். வேளாவேளைக்கு அதுவே ஆகாரம். நாலாம் நாள் ரத்தம் நின்றது.

மகள் இங்கே நல்லபடியாகப் பிறந்தாள். உர்சுலா என்னை இதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு எதில் என்ன இருக்கிறது என்று அவள் என்னிடம் கேட்டதே இல்லை. கடையில் டப்பாவைத் தானே திருப்பிப் படிப்பாள். நண்பர்கள் வீட்டுக்குப் போனால் சமைத்தவரிடம் நேராகப் போவாள்.

போன வருஷம் மறுபடி ஊருக்குப் போனோம். சீமையிலிருந்து வந்த பிள்ளை என்று முன்கட்டில் எனக்கு மட்டும் வாழையிலை போட்டு, நெல்லுச்சோறும் அப்பளமும் வைத்தார்கள். கதவு திறந்திருந்த பின்கட்டில் உர்சுலாவும் அண்ணியும் தரையில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார்கள், நடுவில் என் மகள். மூவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனால் ஓயாமல் சிரிப்புச் சத்தம் வந்தது. அண்ணி ஏதோ ஒரு புது உருண்டையை நீட்டினார். உர்சுலா கையை நிறுத்தினாள். நான் இலையிலிருந்து பாதி எழுந்து, "அது எள்ளும் வெல்லமும்தான், கோதுமை இல்லை, சாப்பிடு" என்று ஜெர்மனில் சொன்னேன்.

அவள் என் பக்கம் ஒருமுறை திரும்பினாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது.