நாற்பத்தேழு அடி

பரந்தன் சந்தியில் அமராவதியின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் போட்டோக் கொப்பிக்கு வருகிறார்கள். மீதிப்பேர் வாசலில் நின்றே, "பாட்டு வெட்டுற பிள்ளை நிக்குதோ?" என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. பெயர் சுமித்திரா. பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டவர்கள் குறைவு.

வெட்டுவதைவிட ஒட்டுவதுதான் அவளுக்கு அதிகம். வீடு வீடாகப் பாண், பணிஸ் விற்கிற ஓட்டோக்காரருக்குக் கண்டாவளை போய்ச் சேரும்வரை இசை நிற்காமல் ஓட வேண்டும். பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு வீடியோக்காரருக்கு, ஆராத்தி எடுத்து முடியும்வரை நாதஸ்வரம் ஓயக்கூடாது. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நிப்பாட்டாமல் ஓட விடு பிள்ளை." முடியாமல் ஓடுவதற்கென்று யாரும் பாட்டுச் செய்வதில்லை. அதன் வாலை இழுத்து வந்து தலையோடு பொருத்த வேண்டும். பொருத்துகிற இடத்தில் ஏதாவது நடக்கும். மேளம் இடறும். ஊதுகிறவரின் மூச்சு பாதியில் அறும். ஒரு கண் சிமிட்டும் நேரம் ஒன்றுமே கேட்காது.

"உனக்கு மட்டும்தான் அது கேக்குது," என்பாள் அமராவதி. "பாண் வாங்கிற சனம் பாணைப் பாக்குமோ, பாட்டைக் கேக்குமோ?"

ஓட்டோ ஒரு நாளில் மூன்று முறை கடையைக் கடந்து போகும். மூன்று முறையும் சுமித்திரா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

பாணுக்கு அது பரவாயில்லை. கால்களுக்கு அப்படி இல்லை என்பது போன வருடம் தெரிந்தது.

அவள் தர்மபுரத்துக்காரி. தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். வீட்டில் "வாங்க", கடையில் "வாங்கோ" என்று நாக்கை மாற்றிக்கொள்ளச் சின்னதிலேயே பழகியவள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அன்றும் வாத்தியக் குழு இல்லை, இன்றும் இல்லை. விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்கு ஒலிபெருக்கியில் போடுகிற இசைதான். பிள்ளைகளைப் பிரித்த மூன்று இல்லங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மைதானத்தைச் சுற்றிவர எட்டு நிமிடம் ஆகும். உடற்கல்வி ஆசிரியர் ரஜிதன் கொண்டு வருகிற இசை ஒன்றேகால் நிமிடம். போன வருடம் அதைச் சுமித்திரா திரையில் கண் மதிப்பாகப் பார்த்து, கையால் ஒட்டிக் கொடுத்தாள்.

கடைசியாக வந்த பச்சை இல்லம் மேடைக்கு நேரே வந்தபோது ஓர் ஒட்டும் வந்தது. இசை அரை நொடி பிந்தியது. முன்வரிசை காலை மாற்றியது, பின்வரிசை மாற்றவில்லை. ஒருத்தி முன்னால் போனவளின் குதிகாலை மிதித்து விழுந்தாள். யாரோ போனில் பிடித்தார்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கொடி பிடித்துத் தலைமை தாங்கியவள் கஜேந்தினி, அப்போது தரம் பத்து. "கால் தெரியாத கப்டன்" என்று அவளுக்குப் பெயர் வந்தது. பஸ்சில் போகும்போதுகூடப் பொடியன்கள் "இடம், வலம்" என்று எண்ணிச் சிரித்தார்களாம்.

அது பாட்டின் பிழை என்று சுமித்திராவுக்கு அன்றே தெரியும். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இந்த வருடமும் கஜேந்தினிதான் கொடி பிடிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், பிசகாமல் ஒட்ட ஒரு வழியைச் சுமித்திரா தேடத் தொடங்கினாள். கணினி விளையாட்டுகளுக்கு இசை போடுகிற ஒருவர் வீடியோ ஒன்றில் ஒரு கருவியைக் காட்டினார். அதில் பொத்தான் இல்லை, படம் இல்லை. கறுத்த திரையில் ஒரு வரி கட்டளையைத் தட்டினால், அது பாட்டை முழுவதும் தானே கேட்டு, ஒன்றைப்போல் ஒன்று ஒலிக்கிற இரண்டு இடங்களைக் கண்டுபிடிக்கும். பிந்திய இடத்துக்கு வந்ததும் முந்திய இடத்துக்குத் தாவினால் காதுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட சோடிகளை வரிசையாகப் போட்டு, எது எவ்வளவு பொருந்துகிறது என்று நூற்றுக்குப் புள்ளியும் கொடுக்கும்.

பார்க்க நன்றாக இருந்தது. அவள் நிறுவப் போனபோது, முதலில் வேறொன்று வேண்டும் என்றது. அதைப் போட்டால், இது புதிது, பழையதுதான் வேண்டும் என்றது. ஒவ்வொரு முறையும் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு எழுத்தில் திட்டியது. டேட்டா முடிந்தது. மின்சாரம் போனது. திரும்ப முதலிலிருந்து.

அமராவதி எட்டிப் பார்த்தாள். "அதென்ன பிள்ளை, பழுதான ரீவி மாதிரி? மவுசால அமத்திற சாமான் ஒண்டும் இல்லையோ?"

"இருந்தா நான் ஏனக்கா இதோட மாரடிக்கிறன்?"

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது வேலை செய்தது. பதினொரு சோடிகள். முதல் சோடிக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபது தடவை கேட்டாள். ஒட்டு எங்கே என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஆனால் பென்ட்ரைவில் போட்டதும் இன்னொரு கரைச்சல். ஒலிபெருக்கிப் பெட்டி பாட்டை முடித்துத் திரும்பத் தொடங்குகிறபோது தன் பங்குக்கு ஒரு மௌனத்தை விட்டது. கருவியைக்கொண்டே தாவித் தாவி நீட்டி, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரே பாட்டாக எடுத்தாள். இனி யாரும் எதையும் திரும்பத் தொடங்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அவளே பென்ட்ரைவைக் கொண்டு போனாள். ரஜிதன் பச்சை இல்லத்தை நடக்க விட்டார். மைதானத்தில் கால்வாசிச் சுற்று அழகாக வந்தது. பிறகு வரிசை கலைந்தது. திரும்ப விட்டார். திரும்பவும் கலைந்தது.

"கஜேந்தினி! காதை எங்க வச்சிட்டு வந்தனீர், வீட்டிலயோ?"

"பாட்டில ஏதோ கிடக்கு சேர்."

"பாட்டில என்ன கிடக்கு? இந்தமுறை கொம்பியூட்டரே தேடி ஒட்டினது. தொண்ணூற்றொன்பது மாக்ஸ். உமக்குக் கணக்கில எத்தினை?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கஜேந்தினி கொடித் தடியை மண்ணில் குத்தினாள். "அப்ப கொம்பியூட்டரையே கொடி பிடிக்கச் சொல்லுங்கோ."

சுமித்திராவுக்குத் தலை சூடாகியது. ஒட்டு கேட்கவே இல்லை. அதை அவள் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவாள். "சேர், இன்னொருக்காப் போடுங்கோ. நானும் நடக்கிறன்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். இசையின் ஒவ்வொரு வரியும் தொடங்குகிற அடியில் இடது கால் விழ வேண்டும். பிள்ளைகள் அப்படித்தான் பழகியவர்கள். நடந்தாள். நல்ல வெயில். மண் சுட்டது. வரி ஒன்று புதிதாகத் தொடங்கியபோது அவளுடைய வலது கால் நிலத்தில் இருந்தது. முன்னால் சிலர் அவசரமாகக் காலை மாற்றினார்கள், சிலர் மாற்றவில்லை. அவள் நிற்காமல் எண்ணிக்கொண்டே சுற்றை முடித்தாள். தாவுகிற இடத்திலிருந்து அடுத்த தாவலுக்கு நாற்பத்தேழு அடி.

ஒற்றை எண். மேளம் எல்லா அடிக்கும் ஒரே கனத்தில் விழுகிற இசை அது. ஒரு அடி குறைந்தால் காது அதைக் கணக்கில் எடுக்காது. கருவி காதுக்காகத் தேடியது. மனிதருக்கு இரண்டு கால் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவள் அவள். அவள் புள்ளியைப் பார்த்தாள்.

"பிள்ளையள் சரியாத்தான் நடக்குதுகள் சேர். பிழை நான் ஒட்டினதில." அவளுக்கு மூச்சு வாங்கியது. "போன வருசமும் அப்பிடித்தான்."

ரஜிதன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கஜேந்தினிதான் கேட்டாள். "போன வருசமும் எண்டா? அப்பவே தெரியுமோ அக்கா?"

"ஓம்."

"பிறகேன் வாய் திறக்கேல்ல?"

சுமித்திரா குனிந்து செருப்பைத் தேடினாள். அது கண் முன்னால்தான் கிடந்தது.

கருவி காட்டிய மற்றப் பத்துச் சோடிகளையும் அவள் கணக்குப் பார்த்தாள். நொடிக்கு இரண்டு அடி. நாற்பதரை நொடி என்றால் எண்பத்தொன்று. இருபத்தேழரை என்றால் ஐம்பத்தைந்து. ஒற்றை, ஒற்றை. இரட்டையாக வந்த ஒன்றில் ஊதுகுழல் பாதி வரியில் தாவியது. ஆறாவது சோடி முப்பத்திரண்டு நொடி, அறுபத்துநான்கு அடி. ஆனால் தொண்ணூற்றுநான்கு புள்ளிதான். பொருந்துகிற இடத்தில் நகம் சுண்டினதுபோல் ஒரு 'டிக்'. அதை எடுக்க மூன்று பின்னேரம் மினக்கெட்டாள். டிக்கைத் தேய்த்தால் மேளமும் சேர்ந்து தேய்ந்தது. கடைசியில் டிக்கோடேயே கொடுத்தாள். கொடுக்க முதல், ஆறாவது சோடியால் நீட்டிய பாட்டோடு வீட்டு முற்றத்தில் தானே பன்னிரண்டு நிமிடமும் நடந்து பார்த்தாள். "என்னா புள்ள, பரேட்டா?" என்று தாய் கேட்டதற்கு எண்ணிக்கை விட்டுப்போய், முதலிலிருந்து நடந்தாள்.

போட்டியன்று ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். முப்பத்திரண்டு நொடிக்கு ஒருமுறை டிக் காதில் முள்ளாய்க் குத்தியது. சிவப்பு இல்லம் போனது. மஞ்சள் போனது. பச்சை இல்லம் மேடையை நெருங்குகையில், அறிவிப்பாளர் கையைக் காட்ட, ஒலிபெருக்கிக்காரர் இசையை அப்படியே அமுக்கிவிட்டார். பிரதம விருந்தினர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அறிவிப்பாளர் அவருடைய பட்டங்களை வாசிக்கத் தொடங்கினார்.

"அண்ணை, கூட்டுங்கோ! பிள்ளையள் மேடைக்கு வருதுகள்!"

"பொறு தங்கச்சி, ஆளை வரவேற்கினமெல்லோ."

"நடக்கிறவைக்குப் பாட்டு வேணும் அண்ணை!"

"நீ நடக்கேல்லத்தானே. பேசாம நில்."

பட்டங்கள் முடிவதாயில்லை. அவற்றுக்கிடையில் கிரவல் மண்ணில் விழுகிற கால்களும், தொண்டை கிழிய "இடம்... இடம்..." என்கிற கஜேந்தினியின் குரலும் கேட்டன. சுமித்திரா கையை நீட்டிச் சத்தத்தைத் தானே கூட்டினாள். ஒலிபெருக்கிக்காரர் அவள் கையைத் தட்டிவிட்டார். ஆனால் திரும்பக் குறைக்கவில்லை. பாட்டு அடியில் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வரி தொடங்கியது. முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இடது கால் விழுந்தது. கொடி தாழ்ந்தது, நிமிர்ந்தது. பச்சை இல்லம் மேடையைக் கடந்து போனது. பிரதம விருந்தினர் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கலைந்த பிறகு கஜேந்தினி வேர்த்து வழிய வந்தாள். "ஒரு இடத்தில டிக் எண்டுது அக்கா."

"தெரியும்."

"கால் மாறேல்ல." தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பாதியைக் குடித்தாள். "ஆரும் வீடியோ எடுத்தவையோ?"

சுமித்திரா ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். ரஜிதன், தொடக்கத்தில் மங்கள விளக்கு ஏற்றியதை மட்டும் எடுத்திருந்தார். ஒரு தகப்பன் மஞ்சள் இல்லத்தில் தன் மகளை மட்டும் எடுத்திருந்தார். பச்சை இல்லம் வந்தபோது எல்லாப் போன்களும் பிரதம விருந்தினரின் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போன வருச வீடியோவைத்தான் எல்லாரும் வச்சிருக்கினம்," என்றாள் கஜேந்தினி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

சுமித்திரா மைதானத்தின் வேலியோரமாக நடந்தாள். ஒவ்வொருவராக நிறுத்தி, "பச்சை இல்லம் போகேக்க எடுத்தனீங்களோ? கொஞ்சம் பாருங்கோ, இருக்கும்," என்று கேட்டுக்கொண்டு போனாள். வேலி நீளமானது. சனம் ஓட்டத்தைப் பார்க்க எட்டி எட்டி நின்றது. அவளுக்காக யாரும் போனைக் கையில் எடுக்கவில்லை.