என் போனில் அவர் பெயர்

சித்தூரில் எங்கள் தெருவில் இருப்பவர் சாமுவேல் அண்ணன். போனில் எது புரியாவிட்டாலும் என்னைத்தான் அழைப்பார். ஒருநாள் ஆபீஸ் வேலைக்கு நடுவே நான்காவது தடவையாக அழைத்தபோது எரிச்சலில் அவர் எண்ணை 'தொந்தரவு சாமுவேல்' என்று மாற்றிப் பதிந்துவைத்தேன். என் போனுக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி ஒன்று என் போனில் இருந்தது. நான் பதிந்துவைத்த பெயர்களை எல்லாம் அது எடுத்து மற்றவர்களுக்கும் காட்ட, யோசிக்காமல் அனுமதி கொடுத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்கே வந்தார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, பாப்பாவுக்குத் திருப்பதியில மாப்ள பாத்துக்கினு இருக்கோம். அவங்களுக்குப் போன் பண்ணா 'தொந்தரவு சாமுவேல்'னு பேர் வருதாம். அந்த வூட்ல எல்லாம் சிரிக்கிறாங்க. எவன் வெச்சானோ தெரியல. நீதான் மாத்திக் குடுக்கணும்."

வைத்தது நான்தான் என்பதை மறைத்து, அவர் போனை வாங்கி, செயலியில் பெயரைத் திருத்திக் கொடுத்தேன். நன்றியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரியா வருதான்னு பாக்கலாம்" என்று உடனே என் எண்ணை அழைத்தார்.

மேசைமேல் கிடந்த என் போன் ஒளிர்ந்தது. 'தொந்தரவு சாமுவேல்.' இருவருமே பார்த்தோம்.

அவர்தான் அழைப்பைத் துண்டித்தார். "உன் போன்ல இன்னும் மாறல போலக்குது தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர் போனதும் 'சாமுவேல் அண்ணன்' என்று மாற்றினேன். அந்தப் பெயர் இன்றுவரை ஒருமுறைகூட என் திரையில் வரவில்லை.