அறுபத்திரண்டாவது வளைவு

எங்கள் சித்தப்பா மோசமான டிரைவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பொல்லாத கோபம் வரும். நாமக்கல் லாரியில் பம்பாய் வரை போய்வந்த மனிதர். ஆனால் லாரி வேறு, ஜீப் வேறு. அது அவருக்கு உறைத்த நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, நான் நாலாம் வகுப்பு. எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எங்கள் வளப்பூர் நாட்டில் விளைந்த மிளகையும் பலாவையும் தார் ரோட்டுக்குக் கொண்டுவர அப்பா ஒரு பழைய ஜீப் வாங்கினார். சித்தப்பா லாரியை விட்டுவிட்டு வந்து அதை ஓட்டத் தொடங்கினார். அதே மாதத்தில் பெரக்கரை நாட்டில் அவருக்குப் பெண்ணும் அமைந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, தொழில்தான் பிடிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்பது அவர் கட்சி. அரை மனதாகத்தான் ஜவுளி எடுக்க எங்கள் ஜீப்பில் மலையிறங்கச் சம்மதித்தார். பயணம் நல்லபடியாக முடிந்தால்தான் கல்யாணம் என்பது வண்டியில் ஏறிய எல்லாருக்கும் தெரியும், நான் உட்பட.

பெண்ணும் என் அம்மாவும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா முன்சீட்டில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவர் மனைவிக்கு வண்டி ஏறினாலே குமட்டும், அதனால் வரவில்லை.

ஜீப்பில் கியர் குச்சிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டைக் குச்சிகள் இருக்கும். ஒன்றைப் போட்டால் முன்சக்கரத்துக்கும் இழுவை வரும். மற்றது லோ. இரண்டையும் போட்டால் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகும், ஆனால் சேறு, பாறை எதிலும் ஏறிவிடும். பெண் வீட்டுச் சேற்றுப் பாதையில் சித்தப்பா இரண்டையும் போட்டு அழகாகவே ஏற்றி வந்தார். தார் ரோடு வந்ததும் வண்டியை நிறுத்தி இரண்டையும் எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. பக்கத்தில் மாமனார், லோவிலேயே ஊர்ந்தால் பிரேக்கைக்கூட மிதிக்க வேண்டாம், நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

"பரவால்லீங்க மாப்ள, பதனமாத்தான் ஓட்டறீங்க," என்று சொல்லி மாமனார் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வளைவில் முன்சக்கரம் போகிற தூரம் வேறு, பின்சக்கரம் போகிற தூரம் வேறு. ஆனால் குச்சி போட்டிருந்தால் இரண்டும் ஒரே அளவுதான் சுற்ற முடியும். மண் ரோடாக இருந்தால் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் விட்டுக்கொடுக்காது. அந்த முறுக்கெல்லாம் வண்டிக்கு அடியிலிருக்கும் பல்சக்கரங்களில் போய் ஏறும். எங்கள் மலைக்கோ எழுபது கொண்டை ஊசி வளைவு, எண்ணிக்கை அடிவாரத்திலிருந்து. மேலிருந்து எட்டு வளைவு இறங்குவதற்குள் ஸ்டியரிங் கல்லாய் இறுகிவிட்டது. டயர் கிறீச்சிட்டது, வண்டி தவளை மாதிரி எம்பியது. அறுபத்திரண்டாவது வளைவில் அடியில் டங்கென்று ஒரு சத்தம். சித்தப்பா நிறுத்திவிட்டுக் குட்டைக் குச்சியை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஊஹூம்.

எல்லாரும் இறங்கினோம். "கியர் பொட்டி ஒடஞ்சு போச்சுங்களா?" என்று மாமனார் கேட்டார். சித்தப்பா சீட்டுக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கீழ் வளைவில் மலையேறும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"பஸ்ஸு வருதுங்க. நாங்க ஊட்டுக்குப் போறோம். ஜவுளி இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க," என்றார் மாமனார் அம்மாவிடம். அந்த இன்னொரு நாள் வராது என்பது அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளையோடு நேரில் பேசுகிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. அவள் என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதில் சொன்னாள்: "கண்ணு, சுத்தியல் வேண்டாமுன்னு உங்க சித்தப்பாகிட்டச் சொல்லு. ஸ்டியரிங்க நேராக்காம, வந்த தடத்துலயே பத்தடி பின்னால போவச்சொல்லு. முறுக்கு உட்டுரும், குச்சி தானா வந்துரும். நாஞ் சொன்னேன்னு யாருக்கும் தெரியக்கூடாது." மரவள்ளி ஏற்றுகிற தாய்மாமன் ஜீப்பில் போய்வந்து பழகியவள் அவள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஓடிப்போய் அவர் காதில் அப்படியே ஒப்பித்தேன். சித்தப்பா ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுத்தியலை வைத்துவிட்டு ஏறினார். வண்டி முனகிக்கொண்டே பத்தடி பின்னேறி நின்றது. குச்சியைத் தொட்டார், ஒற்றை விரலுக்கு வந்தது.

பஸ்ஸுக்குக் காட்ட நீட்டியிருந்த கையை மாமனார் மடக்கிக்கொண்டார். "அட, கெட்டிக்காரருங்க! நாங்கூட என்னமோன்னு நெனச்சனுங்க," என்றார் அம்மாவிடம். சித்தப்பா கொஞ்சமும் கூச்சமில்லாமல் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். மிச்ச வளைவுகளைச் சாதாரண இரண்டாம் கியரில் இறங்கினோம். நாமக்கல்லில் கத்தரிப்பூ நிறத்தில் முகூர்த்தப் புடவை எடுத்தார்கள்.

எனக்கு வருத்தமெல்லாம், இவ்வளவு பெரிய ரகசியத்தை ஒருவரிடமும் சொல்ல முடியவில்லையே என்பதுதான். அவள் இன்று எனக்குச் சின்னம்மா. யோசித்துப் பார்த்தால், பெண் பார்த்த நாள் முதல் அவள் அப்பாவைக் கேட்டார்கள், மாமனைக் கேட்டார்கள், ஜாதகத்தைக் கேட்டார்கள். உனக்குச் சம்மதமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வளைவில் அவள் சும்மா நின்றிருந்தாலே போதும், பஸ் வந்திருக்கும், அப்பாவோடு ஏறிப் போயிருக்கலாம். நான் ஓடிப்போய்ச் சொன்னது ஜீப்பைப் பற்றி என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.