பஸ்ஸில் படுத்த நானா

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில்தான் அந்த இறைச்சிக்கடைக்காரரைப் பார்த்தேன். தலையில் தொப்பி, என் தொடை அளவுக்கு அவருடைய கை. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நெரிசலில் கண்டக்டர் அவரைப் பிடித்துத் தள்ளினான். "எருமமாடு மாதிரி வழிய மறிச்சு நிக்கிறீங்களே நானா, நகருங்க!"

அவர் முகம் சிவந்தது. இன்றைக்கு இவன் பல் மிஞ்சாது, அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும் என்று பயந்துபோனேன்.

அவரோ சட்டென்று தரையில் உட்கார்ந்தார். சிவப்பு குறையவில்லை. மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே அப்படியே நீட்டிப் படுத்துவிட்டார்.

"ஐயோ, மயங்கிட்டாரு! பஸ்ஸ நிப்பாட்டுங்க!" என்று கண்டக்டர் அலறினான்.

"மயங்கல தம்பி," என்றார் படுத்தபடியே. "கோவம் வந்தா உக்காரணும், அப்பவும் போகலன்னா படுக்கணும்னு எங்க நபிகள் நாயகம் சொல்லித் தந்திருக்காங்க."

"படுத்தும் போகலன்னா?"

"எந்திரிக்க மாட்டேன்."

கண்டக்டர் அவர் பக்கத்தில் குந்தினான். "தெரியாமப் பேசிட்டேன் நானா. எந்திரிங்க, ஆளுங்க எறங்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வழிவிட்டார்.

நற்குணம்தான் ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, அழகு என்று ஜும்மா உரையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு பஸ்ஸில் இவ்வளவு இடம் வேண்டும் என்பதை அன்றுதான் கண்டேன்.