எம்.எஸ்சி. படிக்கும் டாக்டர்

எண்ட்ரன்ஸில் எனக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. முடித்து, பாண்டி மெடிக்கல் காலேஜிலேயே எம்.எஸ்சி. அனாடமி சேர்ந்தால் குறுக்கு வழியில் டாக்டர் கூட்டத்துக்குள் நுழைந்துவிடலாம் என்று சேர்ந்தேன். அத்தாவோ எங்கள் ஊர் மரக்காணம் முழுக்க "பையன் டாக்டரு" என்று சொல்லிவிட்டார்.

இன்று பாண்டியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், அனுமந்தை தாண்டியதும் உப்பளத்து அம்மா ஒருவர் மயங்கிச் சரிந்தார்.

என்னைத் தெரிந்த கண்டக்டர் கத்தினார்: "நவுருங்கப்பா, டாக்டர் வர்றாரு!"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாடி பிடித்தேன். கை சூடாக இருந்ததில் எனக்கே திடுக்கென்றது. காலேஜில் நான் தொடுவதெல்லாம் செத்தவர்கள் கை.

யாரோ சோடா தெளித்தார்கள். அந்த அம்மா கண் திறந்து, "நல்லா இருப்பே டாக்டரு" என்றார்.

மரக்காணம் வரை தலை நிமிரவில்லை.

நாளைக்கும் அதே கண்டக்டர்தான். பாண்டிக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். குறுக்கு வழி மட்டும் வேண்டாம்.