ஒய்பி ரிசைன் பண்ணிட்டாரு

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை, அடுத்த வீட்டு ரீத்தா அக்கா வாசலில் வந்து நின்றார்.

"காரு ஃப்ரீயா? ஒய்பி ஆபீஸ்ல என் ஃபைலை வந்து எடுத்துக்கச் சொல்றாங்க."

ஒய்பி என்று நாங்கள் அழைக்கும் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகி அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. 'சொந்தக் காரணங்கள்' என்று ஒருவரி அறிக்கை. ஐந்தாண்டுத் தவணையில் பாதிகூட முடியவில்லை.

எங்கள் குனோங் ராபாட்டுக்கு வருவதற்கு முன் அக்கா இருந்தது பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே கூட வேலை செய்த ஒரு பெண், தன் கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுப் போனாள். திரும்பி வரவே இல்லை. பிறப்பைப் பதியவும் இல்லை.

அந்தக் குழந்தைதான் ஷீலா. இப்போது பதினெட்டு வயது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவள்... ஆனால் ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. குடியுரிமைக்கு இரண்டு முறை மனு போட்டு, இரண்டு முறையும் நிராகரிப்பு.

தாதியர் பயிற்சிக்கு ஒரு கல்லூரி அவளுக்கு இடம் வைத்திருந்தது — மாதக் கடைசிக்குள் மூன்றாவது மனுவுக்கு நல்ல பதில் வந்தால். ஒய்பிதான் தைரியம் சொன்னார்: "நானே உங்களப் புத்ராஜெயாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா. அதிகாரிகிட்ட நேர்ல பேசுவோம்." அங்கே குடியுரிமை அலுவலகத்தில் தேதியும் வாங்கிவிட்டார்.

நாங்கள் போனபோது சேவை மையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு பணிப்பெண். மேசை நிறைய ஃபைல்கள்.

"புத்ராஜெயா போறது என்னாச்சு, மா?" என்றார் அக்கா.

"கேன்சல் லா அக்கா. இடைத்தேர்தல் முடிஞ்சு புது ஒய்பி வருவாரு. அப்ப மறுபடி ஃபார்ம் குடுங்க."

"அதுக்குள்ள காலேஜ் தேதி போயிடுமே..."

அந்தப் பெண் அக்காவின் ஃபைலைத் தேடி எடுத்து நீட்டினாள். அவளைத் திட்டி என்ன பயன்? அவளுக்கும் அந்த மாதத்தோடு வேலை போகிறது.

வீடு வரும்வரை அக்கா ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தார். போன தேர்தலில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கொடி கட்டி, வெயிலில் வீடு வீடாக ஏறி ஒய்பிக்கு ஓட்டுக் கேட்டவர் இந்த அக்காதான்.

வெள்ளிக்கிழமை விஷயம் வெளியே வந்தது. ஒய்பிக்குப் பெரிய நிறுவனம் ஒன்றில் தலைவர் பதவியாம். சொந்தக் காரணம்தானே... மனிதர் பொய் சொல்லவில்லை!

சனிக்கிழமை கல்லூரி கொடுத்த கெடு முடிந்தது. அக்கா சமைக்கும் பள்ளி கேண்டீனுக்குத் தானும் வேலைக்கு வருவதாக ஷீலா சொல்லிவிட்டாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறன்று தேவாலயத் திருவிழா விருந்து. முன்வரிசை மேசையில் ஒய்பி! அக்கா ஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் நின்றார். பின்னால் நான்.

"ஒய்பி, எங்க விஷயம்?"

"நான் இப்ப ஒய்பி இல்லக்கா" என்று சிரித்தார். "உங்கள மாதிரி சாதாரண ஆளு."

"என்ன மாதிரி இருக்கலாம். இவள மாதிரி இல்ல லா. உங்களுக்கு ஐசி இருக்கு."

அவர் தட்டைப் பார்த்தார். "போலாம்மா" என்று ஷீலாதான் அக்காவை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பதவியைத்தான் பாதியில் விட்டார் — பிரியாணியில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.