கங்காணி வாசித்த பன்னிரண்டு புத்தகங்கள்

“முத்தலைத் தள்ளுங்க டீச்சர், கொழுந்தை மட்டும் கொட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஆசீர்வாதம் கங்காணி கண்ணை மூடிக்கொள்வார். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் ஞானஜோதி டீச்சர், ஸ்காட்லாந்து தேசத்துப் புத்தகம் ஒன்றில் தன் பங்குக்கு வந்த பக்கங்களை வாசித்துவிட்டு, கதையைச் சொல்ல வந்திருப்பார். மலையில் மூடுபனி இறங்கியது, காற்று ஊளையிட்டது என்று அவர் தொடங்கினால் போதும், கங்காணியின் கை உயர்ந்துவிடும்.

“இதெல்லாம் முத்தல். நம்ம ஊர்ல இல்லாத மூடுபனியா? ஆளு என்ன ஆனான், அதச் சொல்லுங்க.”

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து நிறுத்த மனிதர் அவர். கூடைக்குள் கையை விட்டால் முற்றிய இலை எது, காம்பு எது, தளிர் எது என்று விரலே சொல்லும். அதே கையைக் கதைக்குள்ளும் விட்டுப் பார்த்தார். ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதியதில் பாதிக்குமேல் காம்பு என்பது அவருடைய தீர்மானம்.

ஆளைப் பார்த்தால் துரை கழித்துப்போட்ட கம்பளிக் கோட்டு, அதற்குக் கீழே நாலு முழ வேட்டி. மேலே ஸ்காட்லாந்து, கீழே திருநெல்வேலி. கழுத்தில் செபமாலை. படிப்பு இரண்டாம் வகுப்பு. கோயிலில் செபப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எழுத்துக்கூட்டத் தொடங்கினால், அவர் ‘பரலோகத்தில்’ என்பதை எட்டுவதற்குள் சாமியார் பூசையை முடித்து உடுப்பைக் கழற்றியிருப்பார். அப்படிப்பட்டவர்தான் இங்கிலீஷ் புத்தகம் பன்னிரண்டை வாசிக்கிற போட்டிக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தார்.

போட்டியை வைத்தது மக்லாரன் துரையின் சம்சாரம். கம்பெனி கைமாறிக்கொண்டிருந்தது. டிசம்பரில் துரையும் துரைசாணியும் சொந்த நாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. போகிற அம்மாளுக்குத் தோட்டத்து ஜனங்களின் அறிவு வளர வேண்டுமென்று திடீரென்று கவலை பிறந்தது. முப்பது வருஷம் பிறக்காத கவலை, பெட்டி கட்டுகிற மாதத்தில் பிறந்தது. கர்த்தருடைய வேளை எது என்று யார் அறிவார்? துரைமார் கிளப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். துரைசாணியின் அலமாரியில் இருக்கும் ஸ்காட்லாந்துப் புத்தகங்கள் பன்னிரண்டையும் வாசித்து முடிப்பவர், நவம்பர் கடைசியில் வருகிற புனித அந்திரேயா திருநாள் விருந்தில் துரைமாரோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அந்தத் திருநாளைத் தங்கள் தேசத்துத் திருநாளாகத் துரைமார் வருஷாவருஷம் கொண்டாடுவார்கள். அப்போஸ்தலருக்காக அன்று பூசைக்குப் போன துரையைக் கங்காணி பார்த்ததில்லை. அவர் பேரைச் சொல்லிக் குடித்த துரைமாரைப் பார்த்திருக்கிறார். பார்க்காமல் எப்படி? மழையில் பெட்ரோமாக்ஸைப் பிடித்துக்கொண்டு கிளப்பு வாசலில் நின்றவர் அவர்தானே. சன்னல் வழியாக அந்த நாற்காலிகளின் முதுகெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒன்றின் மடிகூடத் தெரியாது.

“உள்ள உக்காந்து ஒரு வாய் திங்கணும்” என்றார் மனைவியிடம். “அதுக்கப்புறம் ஆண்டவர் எப்பக் கூப்பிட்டாலும் ரெடி.”

செபமாலையம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். “செபப் புத்தகம் படிக்கயிலேயே கண்ணுல தண்ணி வடியுது, பக்தியில இல்ல, எழுத்து தெரியாம. நீங்க இங்கிலீசு படிக்கப் போறீங்களாக்கும்.”

“நான் ஏன் படிக்கணும்? மக்லாரன் துரை இந்த வருசம் இத்தனை லட்சம் பவுண்டு தேயிலை போட்டாருன்னு பேப்பர்ல எழுதுறான்லா. அவரு ஒரு இலையக் கிள்ளி நீ பாத்திருக்கியா?”

இருபது வருஷம் கொழுந்து பறித்த செபமாலையம்மாள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

இங்கிலீஷ் தெரிந்த மூன்று பேரைக் கங்காணி பிடித்தார். பள்ளிக்கூடத்து ஞானஜோதி டீச்சருக்கு மதியக் கஞ்சி காய்ச்ச விறகு வேண்டும். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் யாக்கோபின் வீட்டுக் கூரை ஒழுகும். தேயிலை ஸ்டோரில் கிளார்க்காக இருந்த அர்த்தநாரி, நல்லேப்பிள்ளியிலிருந்து வந்து தனியாகப் பொங்கித் தின்கிறவர், செபமாலையம்மாளின் கருவாட்டுக் குழம்புக்காக எதையும் வாசிப்பார். விறகு போயிற்று, கூரைக்கு ஆள் போயிற்று, குழம்பும் போயிற்று. செடிவரிசையை ஆளுக்கொரு நிரையாகப் பிரித்து விடுகிற மாதிரி, ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று பங்காக்கினார். முன்பங்கு யாக்கோபுக்கு, நடுப்பங்கு அர்த்தநாரிக்கு, கடைசிப்பங்கு டீச்சருக்கு. ஒருத்தர் முடித்து இன்னொருத்தர் தொடங்கினால் நாள் பற்றாது. ஆகையால் தையலைப் பிரித்து ஒரே நேரத்தில் வாசிக்க விட்டார். கெட்டி அட்டை போட்ட துரைசாணி புத்தகங்கள் மூன்று துண்டாகி லயத்து வீடுகளுக்குள் உலா வந்தன.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னச் சங்கடம். யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் கதை முதலில் வந்து சேரும். திங்கட்கிழமை செத்தவன் வியாழக்கிழமை பிறப்பான்.

“ஒரு பய இருக்கான் கங்காணி, நல்ல தைரியசாலி, இப்பத்தான் கப்பல் ஏறுதான்” என்று யாக்கோபு ஆசையாகத் தொடங்குவார்.

“அவன் தேற மாட்டான்யா. முந்தாநாளே டீச்சர் அவன முக்கிப்புட்டாங்க.”

யாக்கோபுக்கு முகம் சுருங்கிப்போகும். பிறகு அந்தப் பையன் கப்பலில் பாட்டுப் பாடுவதையும் சிரிப்பதையும் இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொல்லி முடிப்பார். அர்த்தநாரி பாடு இன்னும் மோசம். அவருக்கு வந்ததெல்லாம் நடு. யார் எதற்காக அழுகிறார்கள் என்று தெரியாமலே அவரும் அழுதார்.

“ஏனுங்க கங்காணி, அந்தம்மா எதுக்குங்க ஊட்டை வித்துப்போட்டுப் போகுது?”

“அது உம்ம நிரை இல்ல. அடுத்தவன் நிரையில கை வைக்கக் கூடாது.”

இப்படியே பதினோரு புத்தகம் முடிந்தது. ஒரு புத்தகத்தையாவது முழுசாக அறிந்தவர் அந்தத் தோட்டத்தில் யாரென்று கேட்டால், ஒரு வரியும் வாசிக்காத ஆசீர்வாதம் கங்காணி ஒருவர்தான்.

பன்னிரண்டாவது புத்தகம் ஒரு ஆட்டிடையனைப் பற்றியது. மகள் ஒரு படகுக்காரனோடு ஓடிப்போகிறாள். இனி அவளுக்குக் கதவு திறப்பதில்லை என்று கிழவன் வேதப்புத்தகத்தில் கையை வைத்துச் சத்தியம் பண்ணுகிறான். இது யாக்கோபு கொண்டுவந்தது. படகுக்காரன் கைவிட்டுவிட, கையில் ஒரு பிள்ளையோடு அவள் பனியில் நடந்து வந்து அப்பன் கதவைத் தட்டுகிறாள். இது அர்த்தநாரி கொண்டுவந்தது. மறுநாள் மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து வருகிற ஆட்களைக் கண்டால் கங்காணி முதலில் தலையை எண்ணுவார். அது தொழில் பழக்கம்.

யாக்கோபுதான் பேசினார். அவர் யூனியனில் ஜாயின்ட் செக்ரட்டரி. “கங்காணி, நாங்க ஆளுக்கு மூணுல ஒரு பங்கு வாசிச்சிருக்கோம். துரைசாணி சட்டப்படி எங்களுக்கு ஒண்ணுமில்ல, உமக்கு நாற்காலி. எங்களுக்கும் நாற்காலி வாங்கிக் குடும். இல்லன்னா டீச்சரோட கடைசி நிரையில கொழுந்து எறங்காது.”

“வாசிப்புக்குமாய்யா யூனியன்?”

“கேரளத்துல எதுக்கு இல்ல?”

கங்காணி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். அதிகம் நொந்தவர் அர்த்தநாரி. “டீச்சருங்க, எனக்காச்சும் சொல்லிப்போடுங்க. நான்தானுங்க அந்தப் புள்ளையக் கதவு வரைக்கும் கூட்டிட்டு வந்தேன். பனியில நிக்குதுங்க.”

“ஸ்டிரைக்குன்னா ஸ்டிரைக்குதான் அர்த்தநாரி” என்றார் டீச்சர்.

கங்காணி தனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தார். விறகை நிறுத்துவேன் என்றார்; டீச்சர் பிள்ளைகளை விட்டுச் சுள்ளி பொறுக்கிக்கொண்டார். வேறு ஆளை இறக்குவேன் என்றார். இங்கிலீஷ் தெரிந்த வேறு ஆள் மலையிறங்கினால்தான் உண்டு.

விருந்துக்கு முந்தின நாள் துரைசாணி கூப்பிட்டனுப்பினாள். முடிவில்லாத பன்னிரண்டாவது புத்தகத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு கங்காணி பங்களா வராந்தாவில் போய் நின்றார். அம்மாளுக்குத் தெரிந்த தமிழ் முப்பது வருஷத் தமிழ். ‘தண்ணி கொண்டா’வில் தொடங்கி ‘விளக்கு அணை’யில் முடியும்.

“கங்காணி, ஒரு கதை சொல்லு.”

கப்பல் ஏறிய பையன் கதையைச் சொன்னார். தனக்கு வந்த வரிசையிலேயே, மூழ்கினதில் தொடங்கிப் பிறந்ததில் முடித்தார். அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

“நீ வாசிச்சதா?”

பொய் சொல்ல அவருக்கு வராது. “ஆள் விட்டு வாசிச்சேம்மா.”

துரைசாணி துரையைப் பார்த்தாள். துரை எதிர்மலையைப் பார்த்தார். அவர் வேலை நடந்த விதமும் அதுதானே. அம்மாள் சிரித்துவிட்டு ஒரு அட்டையை நீட்டினாள். வாசித்த மூன்று பேருக்கும் நாற்காலி கேட்கலாம் என்று கங்காணி வாயெடுத்தார். கேட்கப்போய் இருக்கிற ஒன்றும் போய்விட்டால்? அட்டையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

திருநாளன்று கங்காணி உள்ளே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது நாற்காலியின் விளிம்பில் மட்டும். மீதியை யாருக்கோ மிச்சம் வைத்த மாதிரி. சூப்பு வந்தது. கிராமபோனில் அவர்கள் தேசத்துத் துருத்திக் குழல் வாத்தியம் ஓலமிட்டது. வெளியே வராந்தாவில், வழக்கம்போல, தோட்டத்து ஸ்டாஃபுக்குக் கேக்கும் டீயும். யாக்கோபும் அர்த்தநாரியும் டீச்சரும் சாரலுக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்கள். சன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்க அது வேறு மாதிரி இருந்தது.

கரண்டியை எடுத்தார். வைத்தார். பக்கத்திலிருந்த துரைசாணியிடம் மெல்லக் கேட்டார்.

“அம்மா, அந்தக் கிழவன் கதவத் தொறந்தானா?”

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை ஆட்டி, “வாசி கங்காணி, நீ வாசி” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்துத் துரையிடம் திரும்பிக்கொண்டாள். மேசை முழுக்கச் சிரித்தது. அவர்களுக்கெல்லாம் கிழவன் என்ன செய்தான் என்று தெரியும்.

ஆட்டுக்கறி வந்தது. ஆவி பறந்தது. கங்காணி தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். துரைமார் தலையில் அதன் கால் படாதபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி வராந்தாவுக்கு வந்தார். டீச்சருக்கு முன்னால் அதைப் போட்டார். சாரல் தெறித்த இருக்கையைத் துரை கொடுத்த கோட்டின் கையால் துடைத்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அர்த்தநாரிக்கும் இடம் விட்டு, ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.